பிள்ளையின் எழுத்து போதும், முகம் வேண்டாம்

கேள்வி: மட்டக்களப்பு, படுவான்கரையில் தரம் 7க்குத் தமிழ் கற்பிக்கிறேன். பிள்ளைகளின் கட்டுரைகளையும் ஓவியங்களையும் வலைப்பூவில் வெளியிட ஆசை. அதிபர் தயங்குகிறார், படம் போடுவதற்குச் சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு கைபேசி. எப்படித் தொடங்கலாம்?

பதில்: அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பெற்றோர் அஞ்சுவது பிள்ளையின் முகம் வெளியே போவதற்கு, எழுத்துக்கு அல்ல. முகப்படம் ஒன்றுகூட வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆக்கம், முதற்பெயர், குரற்பதிவு என்று மூன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குரலுக்கு மறுப்பவர் கட்டுரைக்குச் சம்மதிக்கலாம்.

பிள்ளைகள் தாமாகக் கூகுள் கணக்குத் தொடங்க 13 வயது ஆகவேண்டும். உங்கள் வகுப்பில் பலருக்கு அது ஆகியிருக்காது. ஆகவே பாடசாலைக்கென ஒரு கணக்கைத் திறந்து நீங்களே பதிவேற்றுங்கள். கடவுச்சொல் அதிபரிடமும் இருக்கட்டும். கூகுளின் இலவச பிளாகர் தளத்தில், நீங்கள் அழைக்கும் 100 பேர் வரை மட்டுமே வாசிக்கும்படி வைக்கலாம். முதல் தவணைக்கு அது தாராளம். பின்னூட்டங்கள் உங்கள் அனுமதிக்குப் பிறகே வெளிவரும்படியும் வைத்துவிடுங்கள்.

கொப்பியைச் சன்னலோரம் காலை வெளிச்சத்தில் வைத்து, கைபேசியின் நிழல் விழாமல் படம் எடுங்கள். மேலட்டையில் முழுப்பெயரும் பாடசாலைப் பெயரும் இருக்கும். அது படத்தில் வரவேண்டாம். கமெராவின் இடக்குறிப்பையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த இடம் படத்தோடு சேர்ந்து போகலாம்.

கையெழுத்துப் படத்தின் கீழே அதே கட்டுரையைத் தட்டச்சு செய்தும் இடுங்கள். இங்கே பலர் வழுக்குவது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான். அதில் தட்டிய 'அம்மா' வலைப்பூவில் ஆங்கில எழுத்துகளாகவும் நடுவே ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டுங்கள்; கைபேசியின் தமிழ் விசைப்பலகை யூனிகோடுதான்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது திருத்தம். வாவியில் வலை வீசப்போன கதையை ஒரு பிள்ளை 'எங்கட அப்பா' என்று தொடங்கியிருந்தால், அதை 'எனது தந்தையார்' ஆக்கிவிடாதீர்கள். அந்தச் சொல்லில்தான் அந்த வீடு இருக்கிறது. ரகர றகரப் பிழையையும் லகர ளகர ழகரப் பிழையையும் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுங்கள்; பிள்ளையே திருத்தி எழுதட்டும். திருத்தியதை மட்டுமல்லாமல் முதற்பிரதியையும் சேர்த்து இட்டால், கட்டுரை எப்படி வளர்ந்தது என்று வீட்டார் பார்ப்பார்கள். ஆனால் இதற்குப் பிள்ளை சம்மதிக்க வேண்டும். பிழையைக் காட்ட வெட்கப்படுகிற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

கைபேசி இல்லாத வீடுகளும் இருக்கும். வெளியான ஆக்கங்களை அச்செடுத்து வகுப்பின் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மாமா ஒருவர் பின்னூட்டம் எழுதினால் அதை வகுப்பில் உரக்க வாசியுங்கள். பதிலை அந்தப் பிள்ளையே கொப்பியில் எழுதட்டும். நீங்கள் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும்.