கொலைகாரனுக்கு என்ன நேர்த்தி?

கேள்வி: துப்பறியும் கதைகளில் வரும் கூலிக் கொலையாளிகளிடம் இருக்கும் நேர்த்தி, நிஜக் கூலிப்படையினரிடம் ஏன் இல்லை? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: நேர்த்தியா? அந்தச் சொல்லை ஏன் அண்ணாச்சி இவர்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறீர்கள்? உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி பத்தமடையில் இறங்குங்கள். கோரையைக் கீறி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, திரும்பவும் மயிரிழையாகக் கீறிப் பாய் நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பாய். நேர்த்தி அங்கே உட்கார்ந்திருக்கிறது, இடுப்பு வலியோடு.

கதைக் கொலையாளிக்கு வருவோம். 1971இல் வெளியான ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ நாவலில், பிரெஞ்சு அதிபர் தெகோலைச் சுடப் பேசிய கூலி 5 லட்சம் டாலர்; அதில் பாதி முன்பணம். கள்ள பாஸ்போர்ட், சொல்லிச் செய்த துப்பாக்கி, மாற்று வேஷம். ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறான். அவனை நம் ஜங்ஷனில் இறக்கிவிட்டுப் பாருங்கள். டீக்கடையில், “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” இவன் ஏதோ ஓர் ஊரைச் சொல்வான். “அங்க யாரு மவன்? நம்ம மச்சினன் அங்கதான் பொண்ணு கட்டியிருக்கான்.” ஆட்டோக்காரர், “யாரு வீட்டுக்கு வந்திருக்கீய?” லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ். சித்திரை வெயிலில் ரெயின்கோட்டும் கையுறையும் போட்டு நின்றால், காய்ச்சல் என்று நினைத்து யாராவது சுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் அவனுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். யாரைச் சுடுவது?

சைலன்ஸர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாத நாவல்காரர்களோடு எனக்கு இது தீராத வழக்கு. சைலன்ஸர் மாட்டினால் சத்தம் குறையும், அவ்வளவுதான். பக்கத்து அறைக்காரர் குறட்டை கலையாமல் தூங்குவதெல்லாம் அத்தியாயத்தை முடிக்க எழுதுவது.

அதே தெகோலை 1962 ஆகஸ்டில் பாரீஸ் அருகே நிஜமாகவே மடக்கினார்கள். கூலிக்காரர்கள் அல்ல, கூட்டத்துக்குத் தலைவர் ஒரு ராணுவ அதிகாரி. நூறு குண்டுகளுக்கு மேல் சுட்டும் மனிதர் மேல் ஒன்றும் படவில்லை.

கூலிக்காரர் கணக்கு வேண்டுமானால், பர்மிங்காம் சிட்டி பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 1974 முதல் 2013 வரை பிரிட்டனில் நடந்த 27 கூலிக்கொலை வழக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். சராசரிக் கூலி 15,180 பவுண்டு. ஆகக் குறைந்தது 200 பவுண்டு. அதை வாங்கியவனுக்கு வயது 15. பணம் கொடுத்தவர்களுக்கு இருந்த காரணங்களும் வியாபாரத் தகராறு, குடும்பச் சண்டை என்று சப்பென்றுதான் இருந்தன. நம்மூரில் வயல் வரப்பு, பங்காளிப் பகை. அங்கே துப்பாக்கி, இங்கே அருவாள். அருவாளைத் திருநெல்வேலியின் அடையாள அட்டையாக்கிய சினிமாக்காரர்களை இன்னொரு நாள் கவனித்துக்கொள்கிறேன்.

நிஜத்தில் மாட்டுவது எப்படி? அட்வான்ஸ் கைக்கு வந்ததும் ஒருத்தன் டாஸ்மாக்கில் உளறுவான். செல்போன் டவர் மிச்சத்தைச் சொல்லிவிடும். பாக்கிப் பணம் வராவிட்டால் கூட்டாளி அப்ரூவர் ஆவான். இதில் நேர்த்தி வரப் பத்தாயிரம் வருஷம் ஆகும்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ‘கூலிப்படை அட்டகாசம்’ என்று பேப்பரில் தலைப்பு. முகத்தில் துண்டைப் போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பையன்கள் படம். பணம் எண்ணிக் கொடுத்தவர் எங்கே? கல்யாண வீட்டில், முன்வரிசையில், சந்தனம் பூசிக்கொண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு கூலிக்கொலையைத் திட்டமிட்ட குற்றங்களின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. குற்றச் சதிக்குத் தனிப் பிரிவும் உண்டு. கதைக்காரர்களுக்கோ கொலையாளியின் கையுறை மேல்தான் கண். காசு கொடுத்தவர் ஒரு டெலிபோன் குரலாக வந்துவிட்டுப் போய்விடுகிறார்.

போன மாதம் நம் பத்திரிகையில் ஒரு க்ரைம் தொடர் வேண்டும் என்று கேட்டவரும் நீங்கள்தானே? அந்த முன்வரிசைக்காரரைக் கதாநாயகனாக வைத்து நீங்களே எழுதுங்கள், போடுகிறேன். முன்பணம் மட்டும் கேட்காதீர்கள்.