கர்ப்பகாலச் சந்தேகங்கள்: மாத்திரை போடும் நேரம் முதல் உள்ளங்கை அரிப்பு வரை

கர்ப்பகால உணவு பற்றியும் உடல் உபாதைகள் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். எது எல்லோருக்கும் வருவது, எது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதது என்ற குழப்பம் ஏறக்குறைய எல்லாக் கேள்விகளிலும் தெரிகிறது. அதனால் முடிந்த இடங்களில் எண்களையே கொடுத்திருக்கிறோம். பரிசோதனைச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஐந்தாம் மாதம் நடக்கிறது. இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9.6-லிருந்து 9.8-க்குத்தான் ஏறியிருக்கிறது. மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கலும் உண்டு. மாத்திரையை மாற்றிவிடலாமா?

மாற்றுவதற்கு முன் அதை எப்போது, எதோடு போடுகிறீர்கள் என்று பாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் இரும்பு, கால்சியம் இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டு மேலே ஒரு டீ குடிப்பதுதான் பலருடைய பழக்கம். கால்சியம் இரும்பைக் குடலில் உறிஞ்சவிடாது. டீ, காபியில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை வீணாக்கிவிடும். நெஞ்செரிச்சல் மருந்துகளும் இரும்பு சேர்வதைக் குறைக்கும்.

சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ, தண்ணீர் அல்லது எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்க உதவும். கால்சியத்தை வேறொரு வேளை உணவோடு வைத்துக்கொள்ளுங்கள். பால், டீ, காபி எதுவானாலும் இரும்பு மாத்திரையிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு படுக்கப்போகும்போது போடலாம்.

அடுத்து, அட்டையில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 'ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.' என்று இருந்தால் உள்ளே உள்ள நிஜ இரும்பு சுமார் 65 மி.கி. மட்டுமே. 'ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.' என்றால் அது சுமார் 35 மி.கி. ரத்தசோகை வராமல் தடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினமும் 30 முதல் 60 மி.கி. நிஜ இரும்பு. வந்துவிட்டால் 120 மி.கி. வரை மருத்துவர் கூட்டி எழுதக்கூடும்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40-50 சதவீதம் வரை கூடும், சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. எனவே நடு மாதங்களில் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்புதான். முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11-க்குக் கீழே, நடுவில் 10.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. உங்கள் 9.8-ஐ இயல்பான இறக்கம் என்று விட்டுவிட முடியாது. இரும்பு ஒழுங்காகச் சேர்ந்தால் நான்கு வாரத்தில் ஒரு கிராம் அளவுக்கு ஏற வேண்டும். நேரத்தைச் சரிசெய்த பிறகும் ஏறாவிட்டால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12 அளவுகளையும், தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ரத்தக் குறை), கொக்கிப்புழு போன்றவை உண்டா என்பதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டதால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வழியும் உங்களுக்கு உண்டு.

மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பால், பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கல் தாங்க முடியவில்லை என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் போடலாமா, வேறு வகை இரும்புக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரையும் போடுகிறேன். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

கூடாது. தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸினுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: கர்ப்பம் உறுதியானதுமே பெரும்பாலானோருக்கு இந்த மருந்தின் அளவு 25-30 சதவீதம் கூட்ட வேண்டிவரும். அடுத்த வழக்கமான பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே டி.எஸ்.எச். (தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். முதல் பாதியில் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஏழாவது வாரத்தில்தான் கர்ப்பம் என்று தெரிந்தது. அதுவரை ஃபோலிக் அமிலம் போடவே இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். கடைசி மாதவிடாய்க் கணக்கில் அது ஆறாவது வாரம். அந்தக் கட்டம் முடிந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் மாத்திரை போடாத தாய்மார்களின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலானோர் இந்தக் குறை இல்லாமலே பிறக்கிறார்கள். மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். இன்று முதல் தினமும் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள். ரத்தம் ஊறவும் அது தேவை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று 5 மி.கி. மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். முன்பு நரம்புக்குழல் குறையோடு குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் போன்றோருக்கு, அதுவும் கருத்தரிப்பதற்கு முன்பே, மருத்துவர் எழுதும் அளவு அது. 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் முதுகெலும்பை விரிவாகப் பார்ப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

மனைவிக்கு ஒன்பதாவது வாரம். தண்ணீர்கூட நிற்கவில்லை, வாந்தி. 58 கிலோ இருந்தவர் 54 ஆகிவிட்டார். 'மசக்கை என்றால் அப்படித்தான்' என்கிறார்கள்.

இது அப்படிப்பட்ட மசக்கை இல்லை. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது தீவிர வாந்தி நிலை. 58 கிலோவில் 5 சதவீதம் மூன்று கிலோகூட இல்லை. இவர் நான்கு கிலோ இழந்திருக்கிறார். சிறுநீரில் கீட்டோன் (பட்டினியில் உடல் கொழுப்பைக் கரைக்கும்போது வருவது), ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்த்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். பல நாள் சாப்பிடாதவருக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் வைட்டமின் பி1 கொடுக்க வேண்டும். உடலில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச பி1-ஐயும் குளுக்கோஸ் தீர்த்துவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். இரட்டைக் கருவா, முத்துப்பிள்ளையா (கரு சரியாக வளராமல் நஞ்சுக்கொடித் திசு கொத்துக்கொத்தாகப் பெருகும் நிலை) என்று தெரிய ஸ்கேனும் எடுப்பார்கள்.

எடை குறையாத சாதாரண வாந்தி என்றால் வயிறு காலியாகவும் கூடாது, நிரம்பவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக, காரமும் எண்ணெயும் இல்லாமல் சாப்பிடுவதும், தண்ணீரைச் சாப்பாட்டோடு அல்லாமல் இடையில் மிடறு மிடறாகக் குடிப்பதும் உதவும். மருந்தே கூடாது என்று கஷ்டப்பட வேண்டாம். வைட்டமின் பி6 (பைரிடாக்ஸின்), டாக்ஸிலமின் இரண்டும் முதல் மூன்று மாதத்தில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. இரும்பு மாத்திரை குமட்டலைக் கூட்டினால் இந்த வாரங்களில் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள்; ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடக்கூடாது. வாந்தி எடுத்த கையோடு பல் துலக்காமல் வாய் மட்டும் கொப்பளியுங்கள். வயிற்று அமிலத்தில் பல்லின் மேற்பூச்சு இளகியிருக்கும்போது பிரஷ் பட்டால் தேயும்.

பத்து வாரத்துக்குப் பிறகு புதிதாக வாந்தி தொடங்கினாலோ, கூடவே காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தாலோ, காரணம் கர்ப்பமாக இல்லாமலும் இருக்கலாம்.

மருமகளுக்கு நான்காம் மாதம். இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டாமா? கொடுத்தால் மறுக்கிறாள்.

உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இரண்டு மடங்கு தேவையில்லை அம்மா. முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி கிட்டத்தட்ட வேண்டாம். நடு மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 340, கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 கலோரி கூடினால் போதும். அது ஒரு சிறிய வேளைச் சாப்பாடு. அளவைவிட அதில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். பருப்பு, முட்டை, பால், மீன் என்று புரதத்தைக் கூட்டுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பத்துக்கு முன் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 18.5 முதல் 24.9 வரை இருந்தவர் மொத்தம் 11.5 முதல் 16 கிலோ ஏறலாம். அதற்குக் கீழே இருந்தவர் 12.5 முதல் 18; 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5, 30-க்கு மேல் என்றால் 5 முதல் 9 கிலோ.

26-வது வாரம். வெறும் வயிற்றில் சர்க்கரை 97. கர்ப்பகால நீரிழிவு என்கிறார்கள். நான் இனிப்பே தொடுவதில்லையே?

இனிப்பு சாப்பிட்டதால் வந்தது இல்லை இது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். மாதம் ஏற ஏற இது கூடும். பெரும்பாலானோரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும், சிலருக்கு முடியாது. 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டாலே நீரிழிவு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், இன்சுலின் போகாது. எனவே குழந்தை தானே இன்சுலினை அதிகம் சுரந்து கொழுப்பாகச் சேர்த்துப் பெருக்கும். பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிட, சுரந்த இன்சுலின் மிச்சமிருந்து குழந்தையின் சர்க்கரை சடாரென்று இறங்கும்.

நீங்கள் எட்ட வேண்டியது: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, அல்லது இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கிடுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு மட்டும் தானியம். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் பிறகு 10-15 நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு நன்றாகவே இறங்கும். பயந்துபோய்ப் பட்டினி கிடப்பதுதான் பெரிய தவறு. நாளுக்கு 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். அதை மூன்று வேளைக்கும் இரண்டு மூன்று சிற்றுண்டிக்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏறியிருப்பது வெறும் வயிற்று அளவு. இரவில் கல்லீரல் விடும் சர்க்கரையே அதற்குக் காரணம் என்பதால் உணவால் மட்டும் அதை இறக்குவது கடினம். ஒன்றிரண்டு வாரத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் எழுதுவார்கள். நீங்கள் ஒழுங்காக இல்லை என்பதற்கான தண்டனை இல்லை அது. பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். குழந்தையோடு இருக்கும் களைப்பில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

34 வாரம். ரத்த அழுத்தம் 142/92, கால் வீக்கம். சிறுநீரில் புரதம் 'லேசாக' என்று வந்திருக்கிறது. உப்பை நிறுத்தினால் சரியாகுமா?

உப்பை நிறுத்துவதால் இது அடங்காது. 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டாலே விஷயம் மாறிவிடுகிறது. நான்கு மணி நேர இடைவெளியில் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க அளக்கச் சொல்லுங்கள். கைக்குச் சிறிய பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். புரதத்துக்கு நிறம் மாறும் பட்டையை மட்டும் நம்பாமல் புரதம்-கிரியேட்டினின் விகிதம் பார்க்க வேண்டும், 0.3 அல்லது அதற்கு மேல் என்றால் ப்ரீ-எக்ளாம்ப்சியா, அதாவது ரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் கர்ப்பகால நோய். புரதமே போகாமலும் இது வரலாம் என்பதால் தட்டணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியேட்டினின் மூன்றும் அவசியம்.

கால் வீக்கம் மட்டும் என்றால் அது பலருக்கும் வருவது. முகமும் கையும் திடீரென்று வீங்குவது, பாராசிட்டமாலுக்கும் அடங்காத தலைவலி, கண்முன் மின்னுவது அல்லது மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சிரைப்பு — இவற்றில் ஒன்று வந்தாலும், அல்லது அழுத்தம் 160/110-ஐத் தொட்டாலும், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். அது வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் முந்தைய நிலை. லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பத்தில் கொடுக்கப்படும் அழுத்த மருந்துகள். வீட்டில் வேறு யாருக்கோ எழுதிய மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். சில வகைகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிரசவம் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அழுத்தம் திரும்ப ஏறலாம். இது திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்க, அடுத்த கர்ப்பத்தில் 12-வது வாரத்திலேயே, 16-ஐத் தாண்டுவதற்குள், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டியவர் நீங்கள் என்றால் அதை மருத்துவ அட்டையில் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எரிச்சல் எதுவும் இல்லை. ஆனாலும் சிறுநீரில் கிருமி என்று ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். தேவையா?

தேவை. கர்ப்பத்தில் சிறுநீர்க்குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்குவதால் அறிகுறியே இல்லாத கிருமிகூடச் சிறுநீரகத்துக்கு ஏறிக் குளிர்காய்ச்சலையும் குறைமாதப் பிரசவத்தையும் உண்டாக்கலாம். முழு நாட்களும் போட்டு முடித்து, மறுபடி கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற பரிசோதனை) பாருங்கள்.

33 வாரம். உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தாங்க முடியாமல் அரிக்கிறது. தடிப்பு எதுவும் இல்லை. வறட்சி என்று எண்ணெய் தடவுகிறேன்.

வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்பு வேறு. தடிப்பு இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் தொடங்கி இரவில் கூடும் அரிப்பு, கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாத நிலையைக் குறிக்கலாம். சிறுநீர் அடர்நிறமாகவும் மலம் வெளிறியும் போகிறதா என்று பாருங்கள். ஓரிரு நாளுக்குள் ரத்தத்தில் பித்த அமிலமும் கல்லீரல் நொதிகளும் பார்க்க வேண்டும். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுவதால் பிரசவத்தை முன்கூட்டியே திட்டமிடுவார்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள். முதல் பரிசோதனை சரியாக வந்தும் அரிப்பு தொடர்ந்தால், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அரிப்பு முதலில் வந்து, ரத்தத்தில் மாற்றம் பிறகு தெரிவதும் உண்டு.