மாமியாரைக் கவனிக்க வேலையை விடுகிறேன். என் பெயரில் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: எனக்கு 41 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அடிப்படைச் சம்பளம் 15,000. கைக்கு வருவது 32,000 ரூபாய். பி.எஃப். பிடிக்கத் தொடங்கி 8 ஆண்டு 4 மாதம் ஆகிறது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள என்னை வேலையை விடச் சொல்கிறார்கள். கணவருக்கு ஓர் அண்ணனும் தங்கையும் உண்டு. "என் சம்பளம் உனக்கும் சேர்த்துத்தானே" என்கிறார் கணவர். என் பெயரில் தனியாகப் பணம் கேட்பது சரியா? எவ்வளவு கேட்கலாம்?

பதில்: சரிதான். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு பேசினால் அது வீட்டுச் சண்டையாகத்தான் முடியும். கணவர் மனதாரவே சொல்லியிருக்கலாம். ஆனால் வங்கியும் பி.எஃப். அலுவலகமும் வருமான வரித் துறையும் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் பார்க்கும். குடும்பத்தைக் கவனித்த மனைவியின் உழைப்பும் சொத்து வாங்க உதவியதுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் வழக்கு நடத்தி வாங்கிய உரிமை அது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் என்ன போகிறது என்று பார்ப்போம். சம்பளம் கண்ணுக்குத் தெரியும், பி.எஃப். தெரியாது. உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. நிறுவனத்தின் பங்கும் 1,800. மாதம் 3,600 வீதம் ஐந்து ஆண்டில் வட்டியில்லாமலே 2,16,000 ரூபாய். இடைவெளிக்குப் பிறகு திரும்பினால் பழைய சம்பளமே கிடைக்காமல் போகலாம் என்பது இதில் சேரவில்லை. ஆகவே மாதம் 3,600 என்பது கேட்க வேண்டிய தொகையின் அடிமட்டம். இதுவரை சம்பளத்திலிருந்து நீங்களாகச் சேமித்து வந்த தொகையையும் இதோடு கூட்டுங்கள்.

அடுத்து, உங்கள் வேலைக்கு வெளியில் என்ன விலை? வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களை அனுப்பும் இரண்டு ஏஜென்சிகளிடம் எழுத்தில் கட்டணம் வாங்குங்கள். 12 மணி நேரத்துக்கு எவ்வளவு, 24 மணி நேரத்துக்கு எவ்வளவு, ஆளுக்குச் சாப்பாடு நம் பொறுப்பா, மூக்குக்குழாய் வழியே உணவு கொடுக்க வேண்டியிருந்தால் கூடுதலா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்தக் காகிதத்தை மைத்துனர், நாத்தனார் இருவர் முன்னாலும் வையுங்கள். பெற்றோர் பராமரிப்புக்கான 2007 ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைப் பொறுப்பாக்குகிறது; மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. செலவு மூன்று பிள்ளைகளுக்கும் உரியது. ஒருவர் வீட்டில் வைத்துப் பார்க்கிறார் என்றால் மற்ற இருவரும் பணம் தரட்டும். மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் முதலில் அவர் செலவுக்குப் போக வேண்டியது அதுதான்.

பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கணவர் கொடுக்கும் பணம் உங்களுக்கு வரியில்லாத அன்பளிப்பு. ஆனால் அதை உங்கள் பெயரில் வைப்புநிதியாகப் போட்டால், வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். வரி பிடிக்க வேண்டாமென்று வங்கியில் நீங்கள் படிவம் கொடுத்தாலும் இது மாறாது. பிறகு நோட்டீஸ் அவருக்கு வரும். பி.பி.எஃப். என்னும் பொதுச் சேமநிதியின் வட்டிக்கு வரியே இல்லை என்பதால் இந்தச் சிக்கல் எழாது. உங்கள் பெயரில் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம். கணவர் பழைய வரிமுறையில் இருந்தால் இந்த முதலீட்டுக்கான வரிக் கழிவும் அவருக்குக் கிடைக்கும். 15 ஆண்டு முடியும்போது உங்களுக்கு 56 வயது. சம்பளம் வந்த மறுநாளே கணவர் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி நிரந்தர உத்தரவு போடச் சொல்லுங்கள். மாதாமாதம் கேட்டு வாங்கும் ஏற்பாடு மூன்றாம் மாதமே நின்றுவிடும்.

கணவர் டெர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுக்கப்போகிறார் என்றால் 1874 ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கட்டும். அப்போது அந்தத் தொகையில் அவருடைய கடன்காரர்கள் கை வைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டும். எடுத்த பாலிசியில் பிறகு சேர்க்க முடியாது.

அரசிடமிருந்து? கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கானது. உங்கள் சம்பளமே ஆண்டுக்கு 3.84 லட்சம் என்பதால் இப்போது உங்களுக்கு இல்லை; வேலையை விட்ட பிறகு கணவரின் வருமானத்தைப் பொறுத்தது. ஜெர்மனியில் குழந்தை வளர்த்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் சேரும். பிரிட்டனில் வாரம் 20 மணி நேரம் ஒருவரைப் பராமரித்தாலே அந்தச் சலுகை உண்டு. நம் பி.எஃப்.போடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடும் நாட்டில் இது சின்ன ஓட்டை அல்ல.

அதனால்தான் கடைசியாக இது: வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியத் தொகையையும் எடுத்துவிடாதீர்கள். மாத ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும் என்பதால் ஒன்பதரை ஆண்டு போதும். உங்களுக்கு இன்னும் 14 மாதமே பாக்கி. பணமாக எடுத்தால் 8 ஆண்டும் அழிந்துவிடும். ஓய்வூதியத் தொகையைக் கோரும் 10சி படிவத்தில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் (இதுவரையான சேவைக்கான சான்று) கேளுங்கள். பின்னால் பி.எஃப். பிடிக்கும் எந்த வேலைக்குப் போனாலும் பழைய சேவை அதோடு சேரும். 10 ஆண்டுக்குக் கிடைப்பது மாதம் சுமார் 2,140 ரூபாய்தான் என்றாலும், 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க உங்கள் கணக்குக்கே வரும்.