கறுப்புக் காரில் கீறல் விழாமல் கழுவுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு வண்டி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கறுப்புக் கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கோடுகள். அபார்ட்மென்ட்டில் ஒருவர் தினமும் காலையில் துடைத்துக் கொடுக்கிறார். பெயின்ட் தரக்குறைவா?
– வாசகர், வேளச்சேரி

பெயின்ட்டில் குறை இல்லை. தினமும் துடைப்பதுதான் காரணம்.

தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். மொத்தமும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. உங்கள் கோடுகள் எல்லாம் அந்த மெல்லிய அடுக்கின் மேல்பரப்பில் விழுந்தவை.

உண்மையில் அவை வட்டங்களும் இல்லை. பல திசைகளில் விழுந்த நேர்க்கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. அதனால் வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. இரவில் செல்போன் டார்ச்சைப் பானட்டுக்கு மேலே பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. அங்கே கீறலில் சிதறும் ஒளியும் வெள்ளை, பெயின்ட்டும் வெள்ளை என்பதால் கண்ணில் படுவதில்லை.

இரவு படியும் தூசியில் மணல் துகள் கலந்திருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் எம்மாத்திரம்? அரை வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பத்துக் கார் துடைக்கிறார்கள். நாலாவது வண்டிக்கு வரும்போதே அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிட்டது. காய்ந்த தூசியின் மேல் நீளமான நூல் டஸ்டரை இழுப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

துடைப்பவரை நிறுத்த வேண்டாம், சம்பளத்தையும் குறைக்க வேண்டாம். தினமும் கண்ணாடிகள், சக்கரம், உள்பக்க மேட் ஆகியவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பெயின்ட்டில் கை வைக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தூசியோடு நிற்கும் காருக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தூசியைத் தேய்க்கும்போதுதான் கீறல் விழுகிறது.

அப்படியானால் வீட்டில் கழுவும் சரியான முறையை வரிசையாகச் சொல்லுங்கள். வாசலில் குழாய் வசதி இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

காலை ஏழு மணிக்கு முன் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு, நிழலில் வைத்துக் கழுவுங்கள். பானட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் காத்திருங்கள். சூடான தகட்டில் ஷாம்பு நீர் உடனே காய்ந்து படலமாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் சக்கரங்கள். பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அங்கேதான் படிகிறது. அதற்குத் தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. அவை எக்காரணம் கொண்டும் பெயின்ட் பக்கம் வரக் கூடாது.

அடுத்து கை படாமல் தண்ணீர் மட்டும் அடியுங்கள். ரூஃபில் தொடங்கிக் கீழே வாருங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் விசிறி போல விரியும் முனையைப் போட்டு, ஒன்று முதல் ஒன்றரை அடி தள்ளிப் பிடியுங்கள். ஊசி போலப் பாயும் முனை, கல் பட்டுப் பெயின்ட் தெறித்த இடத்தில் பட்டால் சுற்றிலும் உரித்துவிடும். பிறகு ஷாம்பு நுரையை வண்டி முழுக்கத் தெளித்து 4, 5 நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் மறுபடி தண்ணீர் அடியுங்கள். மண்ணில் பெரும்பங்கு இந்த இடத்திலேயே போய்விடும். இதை விட்டுவிட்டு நேராகக் கையுறையோடு தேய்க்க இறங்கினால், பின்னால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கோடு விழும்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கார் ஷாம்பு பொதுவாக 10 லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி போதும். குப்பியில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். துணி சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம். கரையாத மணிகள் கீறும், காரம் பெயின்ட்டின் மேல் பூசிய பாதுகாப்பு மெழுகை அரிக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகை எடுத்துவிடும்.

தேய்க்க மைக்ரோஃபைபர் கையுறைதான் சரி. மஞ்சள் ஸ்பாஞ்சின் முகம் தட்டை என்பதால், மாட்டிய துகள் உள்ளே போக வழியில்லாமல் பெயின்ட்டோடு உரசிக்கொண்டே வரும். கையுறையின் இழைகளுக்கு நடுவே துகள் போய் ஒளிந்துகொள்ளும். கையுறையின் எடையே போதும், அழுத்த வேண்டாம். நேர்க்கோட்டில் இழுங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசி, பிழிந்து, அதன் பிறகே ஷாம்பு வாளிக்குள் விடுங்கள். வாளியின் அடியில் சல்லடைத் தட்டு போட்டால் படிந்த மண் மேலே கிளம்பாது. முடிந்ததும் அலசிய வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று விரலில் படும் மணல் அத்தனையும் உங்கள் கதவில் இழுபட்டிருக்க வேண்டியது.

வரிசை: ரூஃப், கண்ணாடி, பானட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியாக அடிப்பாகமும் பின்பம்பரும். அலசும்போது கடைசி முறைக்கு முனையைக் கழற்றிவிட்டு, ஹோஸிலிருந்து தண்ணீரை மெதுவாக வழியவிடுங்கள். தகடு போல் வழிந்து, பாதித் தண்ணீரைத் தானே இழுத்துக்கொண்டு போகும்.

உலர்த்த பழைய வேட்டி, பனியன் துணி வேண்டாம். ஓரத் தையல் கீறும். அடர்த்தியான பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு மேலே லேசாகத் தட்டி எடுங்கள். கீழே விழுந்த டவலை அன்று மறுபடி பெயின்ட்டில் வைக்காதீர்கள். துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு சேர்க்க வேண்டாம், கம்ஃபர்ட் போன்ற மணத்திரவமும் வேண்டாம். அது இழைகளில் பூச்சாகப் படிந்து, நீர் உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும்.

எங்கள் பக்கம் போர் தண்ணீர்தான், கடுமையான உப்பு. கழுவிய பிறகு வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன. ஆர்.ஓ. கழிவு நீரைப் பிடித்துக் கழுவினால் நல்லதா?
– வாசகர், ராமநாதபுரம்

ஆர்.ஓ. கழிவு நீர் உங்கள் போர் தண்ணீரைவிட மோசம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அதில்தான் சேர்கிறது. வாசல் கழுவ, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம்.

கழுவுவதைப் போர் தண்ணீரிலேயே செய்யலாம். ஆனால் எந்தப் பகுதியும் தானாகக் காயக் கூடாது. ரூஃபைத் தேய்த்ததும் அலசுங்கள், பிறகு அடுத்தது. கடைசி அலசலுக்கு மட்டும் வடிகட்டிய ஆர்.ஓ. நீரோ மழைநீரோ 4, 5 லிட்டர் பூவாளியில் ஊற்றி விட்டு, உடனே துடைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே உள்ள புள்ளிக்கு, சமையல் வெள்ளை வினிகரும் சுத்தமான நீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, ஆறிய தகட்டின் மேல் ஒன்று இரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். சுண்ணாம்புப் படிவு இளகும். உடனே அலசி ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். அதன் பிறகும் விளிம்பு தெரிந்தால் உப்பு கிளியர் கோட்டை அரித்துவிட்டது என்று பொருள்; பாலிஷ் ஒன்றே வழி.

ஹோஸ் பிடிக்க எங்கள் குடியிருப்பில் அனுமதி இல்லை. ஒரு வாளித் தண்ணீருக்குள் முடிக்க முடியுமா?
– வாசகர், பள்ளிக்கரணை

முடியும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது சென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையின் அருமை தெரியும். ‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்ற திரவம் தனியாகக் கிடைக்கிறது, பிறகு அலசத் தேவையில்லை. செறிவான வகைகளில் 1க்கு 256 என்ற விகிதம் வழக்கம். 15 லிட்டருக்கு ஏறக்குறைய 60 மில்லி.

8 முதல் 10 மைக்ரோஃபைபர் துணிகளை வாளியில் ஊறவையுங்கள். இதே கரைசலை ஸ்பிரே குப்பியில் நிரப்பி, ஒரு பகுதியை நன்றாக நனைத்து ஒரு நிமிடம் விடுங்கள். துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு இழுப்பு இழுத்ததும் அடுத்த முகத்துக்கு மாறுங்கள். எட்டும் முடிந்த துணியை ஓரமாகப் போடுங்கள், மறுபடி வாளிக்குள் முக்க வேண்டாம். முறையே அதில்தான் இருக்கிறது. சேறு அப்பிய வண்டிக்கு இது உதவாது. மழைக்கால வாரங்களில் தண்ணீர் அடிக்கும் வாட்டர் வாஷுக்குப் போய், “ஃபோம் அடிச்சு தண்ணி மட்டும் அடிங்க, துணி போட வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

ஆயுத பூஜைக்குப் பானட்டில் வைத்த சந்தனம், குங்குமம் தடம் போகவில்லை. பறவை எச்சத்துக்கும் இதே பிரச்சினை.
– வாசகி, மதுரை

காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொடிப் பொடியான துகள்கள். அவற்றை உலர்ந்த துணியால் தேய்த்ததால்தான் கீறல் விழுந்திருக்கும். பொட்டின் மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறிய பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். நிறம் மட்டும் தங்கியிருந்தால் மென்மையான பாலிஷைக் கையால் ஒரு முறை போட்டால் போதும். அடுத்த ஆண்டு முன்கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள். கண்ணாடி இதைத் தாங்கும். பம்பரில் கட்டும் வாழைக்கன்றின் சாறு வழிந்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

எச்சத்தில் இரண்டு கேடு. ஒன்று, அதன் அமிலம். இன்னொன்று, வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்து கல்லான எச்சத்தின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. கறுப்புக் கார் அதிகம் சூடாவதால் தடமும் ஆழம். ஒரு குப்பித் தண்ணீரும் இரண்டு துணியும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். ஊறவைத்து, தூக்கி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

ஒரு கடையில் “ரப்பிங் போட்டால் புதுசாகிவிடும்” என்றார்கள். போட்ட அன்று பளபளத்தது. மூன்றாவது வாட்டர் வாஷில் பழைய கோடுகள் திரும்பிவிட்டன. வெயிலில் மயிலிறகு மாதிரி பட்டை பட்டையாகவும் தெரிகிறது. என்ன தவறு?
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு தவறு நடந்திருக்கிறது. கொரகொரப்பான காம்பவுண்டை (தேய்ப்புப் பசை), கம்பளிப் பேட் மாட்டிய ஒற்றைச் சுழற்சி மெஷினில் போட்டு, அதன் பிறகு மென்மையான பேடில் ஃபினிஷிங் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டைகள் மெஷினே போட்ட நுண்கீறல்கள். அடுத்து, காம்பவுண்டில் இருந்த எண்ணெயும் மெழுகும் பழைய கீறல்களை நிரப்பி மறைத்தன. ஷாம்பு பட்டதும் அவை கழுவிப் போயின.

பாலிஷ் என்பது கீறலை மூடுவது அல்ல, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமன் செய்வது. ஃபினிஷிங் பாலிஷ் ஒரு முறைக்கு 1, 2 மைக்ரான் எடுக்கும், காம்பவுண்ட் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. இருப்பதே 35 முதல் 50. ஆண்டுக்கு ஒரு ரப்பிங் என்று போனால் சில வருடங்களில் ரூஃபும் பானட்டும் வெள்ளையாக உரியத் தொடங்கும். விட்டால் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

இப்போது செய்ய வேண்டியது: தடிமன் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கடையைத் தேடுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் நாலைந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அது மொத்தத் தடிமனைக் காட்டும். 80 மைக்ரானுக்குக் கீழ் வந்தால் காம்பவுண்ட் பக்கமே போகாதீர்கள். 200ஐத் தாண்டினால் அந்த இடம் முன்பே மறுபெயின்ட் ஆகியிருக்கலாம்.

நீங்களே செய்வதானால் ‘டூயல் ஆக்‌ஷன்’ பாலிஷர் வாங்குங்கள். பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு ஏறாது. கழுவிய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிப் பானட்டைத் தடவுங்கள். சொரசொரப்பு பட்டால் கிளே பாரை (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) வழுக்குத் திரவத்தோடு லேசாக ஓட்டி எடுங்கள். கிளே கீழே விழுந்தால் குப்பைக்குத்தான். தகட்டின் விளிம்புகள், கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பூச்சு மெலிதாக இருக்கும், அங்கேதான் முதலில் பிய்யும்.

முதலில் ஒன்றரை அடிச் சதுரத்தில் சோதனை. மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ், பட்டாணி அளவில் நாலு சொட்டு. வேகம் 1ல் பரப்பி, 4 அல்லது 5க்கு ஏற்றி, வினாடிக்கு ஓர் அங்குலம் வீதம் குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, சுத்தமான நீர் மூன்று பங்கு கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான பலன். கோடுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தால் மட்டுமே ஒரு படி கடினமான பேட். முக்கால்வாசிக் கோடுகள் மறைந்தால் நிறுத்திவிடுங்கள். மீதியைத் துரத்திக் கிளியர் கோட்டை இழக்க வேண்டாம். ஒவ்வொரு சதுரத்துக்கும் இடையே பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்வதை மறக்காதீர்கள். அடைத்த பேட் மெருகேற்றாது, சூடாக்கும். கடைசியில் மெழுகோ சீலன்ட்டோ மெல்லிய படலமாகப் பூசுங்கள்.

புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதியாக இருந்தால் கரைப்பான் ஆவியாக வேண்டும். குறைந்தது 30 நாள் மெழுகு போடாதீர்கள். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வண்டிக்குப் பாலிஷே கிடையாது.

‘9எச்’ செராமிக் பூச்சு போட்டால் கீறல் விழாதாமே?
– வாசகர், சேலம்

விழும். அந்த 9எச் பென்சில் முனைக் கடினத்தின் அளவு. பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை அது, மணலுக்கு அது பொருந்தாது. செராமிக் போட்டால் அழுக்கு எளிதில் கழன்றுவரும், அமிலத்தையும் ஓரளவு தாங்கும், மெழுகைவிட நீடிக்கும். இவ்வளவுக்கும் அது மதிப்புள்ளதுதான். ஆனால் கீறலைத் திருத்தாமல் மேலே பூசினால் கீறலும் உள்ளே நிலைத்துவிடும். கழுவும் முறையில் எந்தச் சலுகையும் கிடையாது.

சாவியால் யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். கோட்டுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் எந்தப் பாலிஷும் முழுதாக எடுக்காது. டச்-அப் பெயின்ட் வேண்டும். மாட்டாவிட்டால் ஃபினிஷிங் பாலிஷ் போதும். டூத்பேஸ்ட் பல்லுக்கான அரம், தேய்த்தால் கோட்டைச் சுற்றி மங்கலான திட்டு விழும்.

வெளியில் நிறுத்துகிறேன். கவர் போட்டால் பாதுகாப்புதானே?
– வாசகர், தூத்துக்குடி

சுத்தமான காரில், காற்று அடிக்காத இடத்தில் மட்டும். தூசி படிந்த வண்டியில் கவரை இழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் மணலைத் தேய்க்கிறீர்கள். கடற்காற்றில் கவர் படபடவென்று அடித்தால் பானட் முனையிலும் கதவுக் கண்ணாடி ஓரத்திலும் பெயின்ட் மங்கும். தினசரி ஓட்டும் வண்டிக்குக் கவர் வேண்டாம். ஊருக்குப் போகும்போது போடுவதானால் கழுவி உலர்த்தி, மென்மையான உள்துணி உள்ள கவரை அடியில் பட்டை இழுத்துக் கட்டிப் போடுங்கள். எடுக்கும்போது இரு ஓரங்களையும் நடுவே மடித்துச் சுருட்டுங்கள். வெளிப்புறத் தூசி உள்துணியில் ஒட்டாமல் இருக்க அதுதான் வழி.