புது ஹெட்ஃபோனை 200 மணி நேரம் ஓட்ட வேண்டுமா?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்ஃபோன் வாங்கினேன். லேப்டாப்பில் ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிளைச் செருகிக் கேட்கிறேன். இதுவரை கேட்டதெல்லாம் பேஸும் ட்ரெபிளும் தூக்கலான, காதுக்குள் செருகும் இன்-இயர். இதில் குரல் அழகாக இருக்கிறது, ஆனால் பாடுபவர் முன்னால் ஒரு மெல்லிய வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல ஒரு மந்தம். நண்பர் சொல்கிறார்: "முதலில் 200 மணி நேரம் பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை ஓட்டு. அப்புறம் வெள்ளிக் கேபிள் போடு. அப்புறம் ஒரு ட்யூப் ஆம்ப், அதாவது வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர். அதுவரை எந்த முடிவுக்கும் வராதே." கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

பதில்: 30,000 ரூபாய் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும். நண்பர் சொன்ன மூன்றும் முழுப் பொய் இல்லை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அவர் பேச்சிலேயே வராத ஒரு பொருள், உங்கள் காதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த வெல்வெட் பேட், பர்ன்-இன்னையும் (அந்த 200 மணி நேர ஓட்டத்தின் பெயர்) கேபிளையும் சேர்த்து வைத்தாலும் அவற்றைவிட ஒலியை அதிகம் மாற்றும்.

பர்ன்-இன் என்ற பேச்சுக்கு ஸ்பீக்கர் உலகத்தில் ஓர் அடிப்படை உண்டு. பெரிய வூஃபரைப் பின்பக்கமாகப் பார்த்தால், கூம்பை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்பு மடிப்பான துணி வளையம் ஒன்று தெரியும். ஸ்பைடர் என்பார்கள். புதிதில் விறைப்பாக இருக்கும், ஓட ஓடத் தளரும். அங்கே அதை அளந்தே காட்டலாம். ஹெட்ஃபோனில் ஸ்பைடரே கிடையாது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ஒட்டிய கம்பிச் சுருள், பின்னால் காந்தம், அவ்வளவுதான். ஒலி எழுப்பும் இந்தத் தொகுதியை டிரைவர் என்பார்கள். தளர்வதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஏகேஜி ஹெட்ஃபோன்களைப் பற்றி ஒரு காலத்தில் இந்த நூற்றுக்கணக்கான மணி நேரக் கதை பலமாக ஓடியது. ஹெட்ஃபோன்களை அளந்து எழுதிய இன்னர்ஃபிடெலிட்டி தளத்தை நடத்திய டைல் ஹெர்ட்சன்ஸ், ஏகேஜியின் புது க்யூ701 ஒன்றை எடுத்து நாள்கணக்கில் ஓட்டி, இடையிடையே அளந்து பார்த்தார். மாற்றம் தெரிந்தது, ஆனால் மிகச் சிறியது. ஹெட்ஃபோன் அளக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: செயற்கைத் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்ப மாட்டினாலே வரைபடத்தில் கோடு கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால்தான் ஒருமுறை அளந்து நிறுத்தாமல், மாட்டிக் கழற்றிப் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறார்கள். பர்ன்-இன் மாற்றம் பெரும்பாலும் அந்த நகர்வுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

அப்படியானால் "முதல் வாரம் பிடிக்கவே இல்லை, ஒரு மாதத்தில் உயிராகிவிட்டது" என்று இத்தனை பேர் சொல்கிறார்களே? பொய் சொல்லவில்லை. புதுச் செருப்பு காலுக்குப் பழகிவிட்டது என்கிறோம். பாதி நேரம் கால்தான் செருப்புக்குப் பழகியிருக்கும். நீங்கள் இவ்வளவு நாளும் உயர் சுருதிகள் பளிச்சென்று கேட்கும் இன்-இயரில் இருந்தவர். எச்டி 650 அந்தப் பகுதியை அடக்கி வாசிக்கும் ரகம். 2003-ல் அது வெளிவந்ததிலிருந்து இதே புகாரைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'சென்ஹைசர் வெய்ல்' (முகத்திரை) என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. உங்கள் வேட்டியும் அதுவும் ஒன்றுதான். இரண்டு வாரம் பழைய இன்-இயரைத் தொடாமல் இதில் மட்டும் கேளுங்கள். பாதி வேட்டி தானாக விலகும்.

பிங்க் நாய்ஸ் ஓட்ட ஆசையாக இருந்தால் ஓட்டுங்கள், காசா பணமா. நீங்கள் கேட்கும் அளவுக்கு மேல் வால்யூம் வைக்காதீர்கள், அது போதும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "200 மணி நேரம் ஆகட்டும், பிறகு பாருங்கள்" என்று விற்பவரே சொன்னால், முதலில் திருப்பிக் கொடுக்கும் தேதி எப்போது முடிகிறது என்று பாருங்கள்.

இப்போது பேட். வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு குரல் மட்டும் துலக்கமாக இருக்கும் பாட்டை ஓடவிட்டு, இரண்டு பக்கக் கிண்ணங்களையும் விரலால் அரை அங்குலம் முன்னால் தள்ளுங்கள். பிறகு பின்னால். பிறகு லேசாக உள்ளே அழுத்துங்கள். ச, ஷ எழுத்துகளின் கூர்மை மாறும், குரல் கிட்ட வரும், தள்ளிப் போகும், பேஸ் ஏறி இறங்கும். காதுமடலுக்கும் டிரைவருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் மாறினாலே உயர் சுருதிகளில் பல டெசிபல் நகரும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் காம்பு பேடைத் தூக்கி இடைவெளி விடுகிறதா என்றும் பாருங்கள். மூடிய வகை ஹெட்ஃபோனில் அந்த ஒரு சின்ன இடைவெளியே பேஸை வடித்துவிடும். உங்களுடையது திறந்த வகை, பாதிப்பு குறைவு.

புது எச்டி 650 தலையை இடுக்கி மாதிரிப் பிடிக்கும். நாள்பட அந்தப் பிடி தளர்கிறது, பேட் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்குகிறது, டிரைவர் காதை நெருங்குகிறது. ஒரு வருடத்தில் ஒலி மாறியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பர்ன்-இன் என்ற பெயரில் வரவு வைக்கப்படுவதில் ஒரு பங்கு பேடுக்குப் போக வேண்டியது. நம் ஊர் வியர்வையில் செயற்கைத் தோல் பேட்கள் இரண்டு வருடத்திலேயே பட்டை உரியத் தொடங்கிவிடும். வெல்வெட் உரியாது, ஆனால் சத்தமில்லாமல் தட்டையாகும். மாற்றும்போது கம்பெனி பேடையே வாங்குங்கள். கனமான தோல் பேட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாட்டியபின் அது எச்டி 650 ஆக இருக்காது.

அடுத்து கேபிள். இங்கே கணக்கே போதும். எச்டி 650-ன் கேபிள் 3 மீட்டர். அதில் 26 கேஜ் செம்பு என்று வைத்துக்கொள்வோம். மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.13 ஓம், போக வர 6 மீட்டர், கிட்டத்தட்ட 0.8 ஓம். ஹெட்ஃபோன் 300 ஓம். கேபிள் விழுங்குவது 0.02 டெசிபல் சொச்சம். வெள்ளி செம்பைவிட 5, 6 சதவீதம் நன்றாகக் கடத்தும். அதே தடிமனில் வெள்ளி போட்டால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் ஒரு டெசிபலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கெபாசிட்டன்ஸ் (கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) என்று யாராவது ஆரம்பித்தால், அதன் விளைவு மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்கும். அதைக் கேட்க வௌவாலாலும் முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு, நேர்மைக்காகச் சொல்கிறேன். பல டிரைவர்கள் வைத்த சில இன்-இயர்களில் இம்பீடன்ஸ் (ஒலி மின்சாரத்துக்குக் காட்டும் தடை) சுருதி வரிசையில் ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று தாவும். அங்கே 0.4 ஓம் கேபிள் கூட இரண்டு இடத்துக்கும் நடுவே அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் காட்டும். உங்கள் 300 ஓமுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் கேபிள் மாற்றினால் வித்தியாசம் "கேட்கத்தான் செய்யும்". நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நண்பர் வீட்டில் செம்பு ஒன்று, வெள்ளி ஒன்று, மாற்றி மாற்றி ஒரு ஞாயிறு முழுவதும் கேட்டோம். வெள்ளியில் மேடை விரிந்தது, தம்பூராவின் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்டது, மிருதங்கம் கையால் தொடும் தூரத்துக்கு வந்தது. ஒரு பக்கம் குறிப்பு வேறு எழுதினேன். மறுநாள் அவர் இன்னொரு செம்புக் கேபிளைப் போட்டார். அதிலும் அதே மேடை, அதே தம்பூரா. அப்போதுதான் பிளக்கைப் பார்த்தோம். வெள்ளிக் கேபிளின் முனையிலும் இந்த இரண்டாவது செம்பின் முனையிலும் இருந்தது 4.4 மி.மீ. பேலன்ஸ்டு பிளக். முதல் செம்பு, ஆம்பின் சாதாரணத் துளையில் இருந்தது. அந்த ஆம்பின் பேலன்ஸ்டு துளை இரட்டை வோல்ட் தரும். குமிழைத் தொடாமலே 6 டெசிபல் கூடுதல். நாங்கள் ஒரு நாள் முழுக்க ஒப்பிட்டது வால்யூமை.

அரை டெசிபல் கூடினால்கூட "சத்தம் கூடியிருக்கிறது" என்று காது சொல்லாது. "தெளிவாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். ஆகவே எதை ஒப்பிட்டாலும் வால்யூமைச் சமப்படுத்துங்கள். 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டிய நிலையில் ஆம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டை மல்டிமீட்டரில் பாருங்கள். இரண்டு கருவியிலும் ஒரே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். 200 ரூபாய் மீட்டர் இதற்கு உதவாது. ஏசி 2 வோல்ட் வரம்பு உள்ளது வேண்டும். அப்புறம் எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் யாரையாவது மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்து முறை. பொறுமை உள்ள தங்கச்சி இருந்தால் நல்லது.

கடைசியாக ஆம்ப். இதில் இரண்டு கேள்விகள் தனித்தனி: வோல்ட் போதுமா, தொனி மாறுமா.

எச்டி 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் என்று சென்ஹைசரே சொல்கிறது. உங்கள் டாங்கிள் முழு வால்யூமில் 1 வோல்ட் தரும் (ஐரோப்பாவுக்கென்று விற்பதில் அதில் பாதிதான்). இன்றைய சினிமாப் பாட்டுக்கு இது தாராளம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபலைத்தான் பாதுகாப்பான அளவு என்கிறது. மெலிதாகப் பதிவான பழைய கச்சேரி ஒலிப்பதிவுகளில் மட்டும் குமிழ் முனைவரை போய்விடலாம். "300 ஓம், டாங்கிளால் இழுக்கவே முடியாது" என்பது பாதிப் பேச்சு. ஓம் எண்ணை மட்டும் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது. ஹைஃபைமேன் எச்இ6 வெறும் 50 ஓம்தான், ஆனால் அது குடிக்கும் மின்சாரம் வேறு ரகம்.

தொனி விஷயத்தில் ட்யூப் ஆம்புக்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, நண்பருக்கு மதிப்பெண் கொடுக்கலாம். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ட்யூப் ஆம்ப் பலவற்றில் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்தத் தடை) 100 ஓமுக்கு மேல் இருக்கும். எச்டி 650 நடுச் சுருதிகளில் சுமார் 300 ஓம், ஆனால் 80, 90 ஹெர்ட்ஸ் பக்கம் 500-ஐ நெருங்கும். 120 ஓம் ஆம்பில் போட்டால், நடுவில் 2.9 டெசிபல் இழக்கிறோம், கீழே 1.9 தான். அதாவது மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க பேஸ்) இருக்கும் இடம் ஒரு டெசிபல் எழுந்து நிற்கும். "ட்யூபின் கதகதப்பு" என்பதில் கணிசமான பங்கு இந்த ஒரு டெசிபல்தான். (1996-ன் ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலை ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓமையே எடுத்துக்கொண்டது என்பது ஒரு வேடிக்கை.) நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது தொப்பியைத் தூக்கும், உங்கள் வேட்டியை விலக்காது.

வேட்டியை விலக்க இலவச வழி ஈக்வலைசர். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட். ஆட்டோஈக்யூ தொகுப்பில் எச்டி 650-க்குத் தயார் அளவுகளும் கிடைக்கும். எனக்கு அவை கொஞ்சம் அதிகப்படி. இப்படித் தொடங்குங்கள்: 80 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழே முழுவதும்) 4 டெசிபல் ஏற்றம், 10,000 ஹெர்ட்ஸில் ஹை ஷெல்ஃப் (அதற்கு மேலே முழுவதும்) 2 டெசிபல் ஏற்றம், ப்ரீஆம்ப் (மொத்த அளவு) 5 டெசிபல் இறக்கம். இந்த இறக்கத்தை மறந்தால் உச்சத்தில் ஒலி கிழியும். இரண்டு மூன்று நாள் கேட்டு, ஒவ்வொரு டெசிபலாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 5 டெசிபல் இறக்கியதால் டாங்கிளின் உச்சம் 98-க்கு வந்துவிட்டது. இந்த நிலையில் குமிழ் முனையை முட்டியும் போதவில்லை என்றால், ஆம்ப் வாங்க அதுதான் நேரம். 2 வோல்ட் தரும் டாங்கிள் 6 டெசிபலைத் திருப்பிக் கொடுத்துவிடும்; அதற்கு 30,000-ல் ஒரு சின்னப் பங்கே போதும். ட்யூப் மேல் ஆசை இருந்தால் அது ஆசை என்றே சொல்லி வாங்குங்கள், தப்பில்லை. வெளியீட்டு இம்பீடன்ஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு. புதுக் கேபிள், இருப்பது ஒடியும்வரை வேண்டாம்.

இன்னும் ஒரு ஜோடி கம்பெனி பேட் வாங்கிப் பிரிக்காமல் வையுங்கள். ஒன்றரை வருடம் கழித்து மாட்டும் அன்றைக்குப் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அதே பாட்டு, அதே வால்யூம், பழையது ஒரு முறை, புதியது ஒரு முறை கேட்டுவிட்டு, நண்பரையும் கூப்பிட்டு அவர் தலையிலும் மாட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.