அடிஸ் அபாபாவில் ஒரு பகல்

வணக்கம் சார். அலுவலக வேலையாக எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா போகிறேன். வேலை முடிந்தபின் ஒரு முழுப்பகல் கையில் இருக்கும். காரும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொள் என்கிறார்கள். எனக்கு நடந்து பார்க்கத்தான் விருப்பம். தனியாக நடந்தால் அந்த ஊரின் பண்பாடு ஏதாவது பிடிபடுமா? நான் சைவம், சாப்பாடும் ஒரு கவலை.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

நடந்தே பாருங்கள். காரில் ஏறினால் ஊரின் மூலைக்கு மூலை ஓட்டிப்போவார்கள், பாதிப் பகல் நெரிசலில் கரைந்துவிடும். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிக உயரம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதனால் வடக்கே சிடிஸ்ட் கிலோ சந்திப்பு வரை டாக்சியில் போய், அங்கிருந்து அரட் கிலோ சந்திப்பு, அப்புறம் பழைய கடைவீதிப் பகுதியான பியாஸா என்று நடங்கள். பெரும்பாலும் இறக்கம்தான்.

இந்த வழியில் பார்க்கிற அநேகமும் இத்தாலியோடு தீர்த்த பழைய கணக்கு. 1930களில் இத்தாலி எத்தியோப்பியாவைப் பிடித்துச் சில வருஷம் ஆண்டது. சிடிஸ்ட் கிலோ சந்திப்பின் நடுவே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. 1937 பிப்ரவரி 19 அன்று இத்தாலிய வைஸ்ராய் கிராசியானி மீது அந்த ஆட்சியை எதிர்த்தவர்கள் எறிகுண்டு வீசினார்கள். அதற்குப் பழியாக இத்தாலியர்கள் மூன்று நாள் ஊரெங்கும் கொலை செய்தார்கள், ஆயிரக்கணக்கில். தூணின் புடைப்புச் சிற்பங்களை ஒரு சுற்று நின்று பாருங்கள்.

குண்டு வீசிய அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு பேரரசர் ஹைலே செலாசி அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். கட்டடத்துக்கு முன்னால் எங்கும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு: முசோலினி ஆட்சியில் ஆண்டுக்கு ஒரு படி என்று இத்தாலியர்கள் கட்டியது. அதை இடிக்காமல், உச்சியில் எத்தியோப்பியர்கள் தங்கள் அரசச் சின்னமான யூதா சிங்கத்தை உட்காரவைத்துவிட்டார்கள். இதைவிட நல்ல பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை. உள்ளே அருங்காட்சியகம். பொருட்களை இனவாரியாகப் பிரிக்காமல் பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம், சாவு என்று மனித வாழ்க்கையின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்ட பண்பாடு இங்கேதான் கிடைக்கும், அவசரப்படாதீர்கள். பேரரசரின் படுக்கையறையும் குளியலறையும்கூட உண்டு.

வழியில் தேசிய அருங்காட்சியகத்தில் லூசி, ஆதிமனித மூதாதை ஒருத்தியின் எலும்புக்கூடு. 32 லட்சம் வருஷம் பழையவள், சரி. ஆனால் காட்சிக்கு இருப்பது அச்சுநகல். கால்மணி நேரம் போதும்.

பியாஸாவில் எண்கோண வடிவத்தில் புனித ஜார்ஜ் பேராலயம். 1896 அட்வா போரில் இத்தாலியை வென்றதன் நினைவாகக் கட்டியது. அதையும் 1937இல் இத்தாலியர்கள் எரித்தார்கள், மறுபடி சீரமைத்தாயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அருகே குதிரைமேல் அட்வாவில் வென்ற பேரரசர் மெனலிக். இத்தாலியர்கள் அகற்றிய சிலை, அவர்கள் போனபின் திரும்ப வந்தது. 2024இல் பியாஸாவின் பழைய தெருக்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள், ஆகவே பழைய நடைவரைபடங்களை நம்பவேண்டாம். மிச்சமிருக்கும் காபிக்கடைகளில் மக்கியாட்டோ என்ற இத்தாலியப் பால்காபி குடியுங்கள். இத்தாலியரை விரட்டினார்களே தவிர, அதை விரட்டவில்லை.

சாப்பாட்டுக் கவலையே வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. 'யெட்சோம் பெயாய்நெட்டு' (விரதச் சாப்பாடு) என்று கேட்டால் தோசை மாதிரியான புளித்த இன்ஜெராவின்மேல் பருப்பும் காய்களும் குவித்துத் தருவார்கள். விரதத்தில் மீன் சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் விசாரித்தால் குழம்பாதீர்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. உதயாதி நாழிகை மாதிரி விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். கைப்பேசி உள்பையில் இருக்கட்டும். காவல் நிற்கிற கட்டடம் எதையும் படம் எடுக்காதீர்கள். மெர்காட்டோ சந்தைக்கு மட்டும் உள்ளூர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் போகவேண்டாம்.