ஒரே ஆட்டக்காரருக்கு மூன்று லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன ஃபுட்பால் கிளப் நடத்துகிறோம். கையில் ஐந்து லட்சம் சேர்ந்திருக்கிறது. இந்த சீசன் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) டோர்னமெண்ட்டுகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு ஃபார்வர்டைக் கூட்டிவர டிக்கெட், விசா, தங்க இடம், ஆட்டத்துக்கு ஆட்டம் சம்பளம் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகும் என்கிறார் ஏஜென்ட். "நெய்மருக்கு எவ்வளவு கொட்டினார்கள், காசு போட்டால்தானே கப் வரும்" என்று கமிட்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். பெரிய கிளப்புகள் கொடுக்கும் பணத்துக்கு உண்மையிலேயே பலன் உண்டா? நாங்கள் என்ன செய்வது, சார்?
– கிளப் பொருளாளர், சித்தூர் தாலுக்கா, பாலக்காடு மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அதைக் கமிட்டியில் சொன்னால் மறுபடியும் நெய்மர் பெயரை இழுப்பார்கள். அதனால் அந்தக் கணக்கையே முதலில் பார்த்துவிடலாம்.

2017-ல் பாரிஸின் பி.எஸ்.ஜி. கிளப் பிரேசில் ஆட்டக்காரர் நெய்மருக்காக 22.2 கோடி யூரோ கொடுத்தது. அந்தத் தொகையை இன்னும் யாரும் தாண்டவில்லை. ஆறு சீசனில் அவர் ஆடியது 173 ஆட்டம், அடித்தது 118 கோல். ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சீசனுக்கு 29 ஆட்டம்தான் வருகிறது. ஐரோப்பாவில் ஒரு பெரிய அணி வருடத்துக்கு ஐம்பது ஆட்டம் பக்கம் ஆடும். மீதி நாட்களில் பெரும்பாலும் காயம். 2023-ல் சவுதியின் அல் ஹிலாலுக்கு விற்றதில் சுமார் 9 கோடி யூரோ திரும்பி வந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அவர் களமிறங்கிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏழரை லட்சம் யூரோ போயிருக்கிறது. சம்பளம் தனி. எந்தக் கோப்பைக்காக வாங்கினார்களோ அந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் போட்டி) அவர் இருந்தவரை வரவில்லை. 2020 இறுதியாட்டம் வரை போய் ஜெர்மனியின் பேயர்னிடம் 1-0 என்று தோற்றார்கள். நெய்மர், மெஸ்ஸி, எம்பாப்பே மூன்று பேரும் கிளம்பிப் போன பிறகு, 2025 மே மாதம் இன்டர் மிலானை 5-0 என்று அடித்துத்தான் அந்தக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த அணியும் சும்மா வந்ததில்லை. ஆனால் பணம் ஒரே ஆள் தலையில் குவியாமல் பல இடங்களுக்குப் பிரிந்திருந்தது.

டிரான்ஸ்ஃபர் தொகை என்றால் என்ன என்பதிலேயே பலருக்குக் குழப்பம். அந்தப் பணம் ஆட்டக்காரர் கைக்குப் போவதில்லை. உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு தென்னந்தோப்பு இன்னொருவரிடம் குத்தகையில் இருக்கிறது, இன்னும் மூன்று வருடம் பாக்கி. அவர் இப்போதே விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அவருக்கு ஒரு தொகை கொடுப்போம் அல்லவா, அதுதான் இது. காய்ப்பு எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம். குத்தகை முடிந்துவிட்டால் பழைய ஆளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். 1995-ல் பாஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதைத்தான் சட்டமாக்கியது. மொனாகோவுக்கு 18 கோடி யூரோ கொடுத்து பி.எஸ்.ஜி. வாங்கிய எம்பாப்பே, 2024-ல் ஒப்பந்தம் முடிந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது பி.எஸ்.ஜி.க்கு டிரான்ஸ்ஃபர் தொகையாக ஒரு யூரோ கூட வரவில்லை. ஆகவே தொகை பெரிதாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பாக்கி இருக்கும் வருடங்களும் விற்பவரின் பிடிவாதமும்தான். திறமையின் அளவுகோல் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் பெரிய தொகை எல்லாமே வீணா? இல்லை. 2009-ல் 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட் வாங்கிய ரொனால்டோ 438 ஆட்டத்தில் 450 கோல் அடித்தார், நான்கு சாம்பியன்ஸ் லீக் வந்தது, ஒன்பது வருடம் கழித்து யுவென்டஸுக்கு விற்றதில் 10 கோடி யூரோவும் வந்தது. அதே கிளப் 2019-ல் சுமார் 10 கோடி யூரோ கொடுத்து வாங்கிய ஹசார்ட் நான்கு சீசனில் 76 ஆட்டம், 7 கோல். பணக்கார கிளப் என்பதால் அந்த அடியைத் தாங்கிக்கொண்டது.

உங்கள் கமிட்டி கவனிக்க வேண்டியது இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பை. 2018 ஜனவரியில் தங்கள் நட்சத்திரம் கூட்டின்யோவை 12 கோடி யூரோவுக்கு மேல் வாங்கிக்கொண்டு பார்சிலோனாவுக்கு விற்றார்கள். அதே ஜனவரியில் 7.5 கோடி பவுண்டுக்கு வான் டைக் என்ற தடுப்பாட்டக்காரரும், கோடையில் அலிசன் என்ற கோல்கீப்பரும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் கொடுத்தது பெரிய தொகைதான். ஆனால் கோல் வாங்கிக்கொண்டே இருந்த ஓட்டையை அடைக்கக் கொடுத்தது. 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் முப்பது வருடம் கழித்து லீக் பட்டம். கூட்டின்யோவோ பார்சிலோனாவில் இடம் கிடைக்காமல் பேயர்னுக்கு லோனில் போய், 2020 ஆகஸ்டில் பார்சிலோனாவை 8-2 என்று நொறுக்கிய ஆட்டத்தில் அவர்களுக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டார். பெயரைப் பார்த்து வாங்கியதற்கும் ஓட்டையைப் பார்த்து வாங்கியதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னும் பக்கத்தில் பாருங்கள், கோயம்புத்தூர். இந்திய கிளப்புகள் மோதும் ஐ-லீக் போட்டியின் 2018-19 பட்டத்தை சென்னை சிட்டி கிளப் வென்றது அங்கே நேரு ஸ்டேடியத்தில்தான். ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தேடிப்பிடித்து, உள்ளூர்ப் பையன்களோடு சேர்த்து ஆட வைத்தார்கள். பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார். ஆனால் பட்டம் முடிவாகும் கடைசி நாளில், மினர்வா பஞ்சாபிடம் முதலில் பின்தங்கி 3-1 என்று திருப்பி அடித்தபோது அதில் இரண்டு கோல் கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் போட்டது. அந்த சீசனைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு விஷயம். இங்கிலாந்து கிளப்புகளின் கணக்குகளை வருடக்கணக்காக ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஸ்டீபன் ஷிமான்ஸ்கி காட்டியது: லீக்கில் ஓர் அணி எந்த இடத்தில் முடிக்கிறது என்பது மொத்த அணிக்கும் கொடுக்கும் சம்பளத்தோடு நெருங்கிப் போகிறது, டிரான்ஸ்ஃபர் செலவோடு அவ்வளவாகப் போவதில்லை.

சரி, உங்கள் மூன்று லட்சத்துக்கு வருவோம். ஐரோப்பிய கிளப்புக்கு ஆட்டக்காரர் ஒரு சொத்து, நாளை விற்கலாம். இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய கைசெடோ என்ற ஆட்டக்காரரை 2023-ல் செல்சியிடம் 10 கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. நீங்கள் கூட்டிவருபவர் சீசன் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவார், விற்க எதுவும் இல்லை. "கூட்டம் வரும்" என்பார்கள். வரும். ஆனால் செவன்ஸில் கேட் கலெக்‌ஷன் பெரும்பாலும் டோர்னமெண்ட் நடத்துபவருக்குப் போகிறது. உங்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகையும் பரிசும்தான். அதனால் ஏஜென்ட்டிடம் பேசும் முன்னால் டோர்னமெண்ட் கமிட்டிகளிடம் போய், "இந்த ஆளைக் கொண்டுவந்தால் ஆட்டத் தொகையை எவ்வளவு கூட்டுவீர்கள்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் கூடுதல் மூன்று லட்சத்தைத் தொடவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

போன சீசன் ஸ்கோர் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். தோற்ற ஆட்டங்களில் கோல் அடிக்காமல் தோற்றீர்களா, கோல் வாங்கித் தோற்றீர்களா? சின்ன கிரவுண்டில் எங்கிருந்தும் ஷாட் வரும். ஒரு நல்ல கோல்கீப்பருக்கும் ஒரு ஸ்டாப்பர் பேக்குக்கும் ஒன்றரை லட்சம் ஒதுக்கினால் பாலக்காடு, திருச்சூர், கோவைப் பக்கமே ஆள் கிடைக்கலாம். காயம் பட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேலும் வெளிநாட்டவர்தான் வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தால், டூரிஸ்ட் விசாவில் வந்தவரைச் சம்பளத்துக்கு ஆட வைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். அவர் தங்கும் இடத்துக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் வந்த விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏதாவது சிக்கல் வந்தால் மொழி தெரியாத ஊரில் தவிக்கப்போவது அந்தப் பையன்தான்.

மீதிப் பணத்தில் ஒரு பங்கை உங்கள் கிளப்பை மாவட்ட ஃபுட்பால் சங்கத்தில் சேர்ப்பதற்கும் பன்னிரண்டு வயதுப் பையன்களை முறையாகப் பதிவு செய்வதற்கும் வையுங்கள். செவன்ஸ் ஆட்டத்தை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அங்கீகரிப்பதில்லை, அதனால் அங்கே எத்தனை வருடம் ஆடினாலும் காகிதத்தில் ஒன்றும் நிற்காது. ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடியும் முன் ஓர் ஆட்டக்காரர் டிரான்ஸ்ஃபர் தொகையோடு நாடு விட்டு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பழக்கிய கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16-லிருந்து 0.5 சதவீதம். உங்களிடம் முதல் நான்கு வருடம் பழகிய பையன் பிற்பாடு ஒரு கோடிக்குப் போனால் உங்களுக்கு ஒரு லட்சம். பதிவுச் சீட்டு இல்லாத கிளப் அதைக் கேட்கவே முடியாது.